இடைவாரில் எழுதிய இறைநாமம்



முதலாம் உலகப் போரில் களத்திற்குச் சென்ற பிரஷ்யப் படைவீரனின் இடைவாரில் ஓர் உலோகப் பூட்டு இருக்கும். அதில் அரச மகுடமும், 'இறைவன் நம்முடன்' என்று பொருள்படும் மூன்று ஜெர்மானியச் சொற்களும் பொறிக்கப்பட்டிருந்தன. பின்னாளில் ஹிட்லரின் தரைப்படையும் அச்சொற்களை அப்படியே வைத்துக்கொண்டது. மகுடம் இருந்த இடத்தில் கழுகும் ஸ்வஸ்திகாவும் வந்தன. இறைவனின் பெயர் மட்டும் மாறவில்லை.

இதே பொருள் கொண்ட சொற்களை நாமும் அறிவோம். தவ்ர் குகையில், பகைவரின் காலடியோசை தலைக்கு மேல் கேட்ட நேரத்தில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர் அபூபக்ர் (ரலி) அவர்களுக்குக் கூறிய ஆறுதல் அது. அங்கே படையில்லை; கொடியில்லை; துரத்தப்பட்ட இருவர் மட்டுமே இருந்தனர். அச்சத்தில் ஆறுதலாகச் சொல்லப்படும் சொல், படையெடுப்பவனின் இடுப்பில் முத்திரையாகும்போது அதன் பொருள் என்னவாகிறது?

இதை வகுப்பில் நான் கூறியபோது மேல்வகுப்பு மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், கிறிஸ்தவர்களில் இதைத் தவறென்று சொன்னவர் ஒருவர்கூட இல்லையா?" என்று கேட்டார். கல்லூரியில் வரலாறு பயின்ற நாளில் தேர்வுக்காக மட்டும் புரட்டிய பக்கங்களை அந்தக் கேள்விதான் மீண்டும் படிக்க வைத்தது.

சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களுள் முதன்மையானவர் கார்ல் பார்த் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர். 1914ஆம் ஆண்டில் அவர் ஒரு சிற்றூரின் பாதிரியார். அவ்வாண்டு அக்டோபரில் ஜெர்மனியின் அறிஞர் 93 பேர் தங்கள் நாட்டின் போரை ஆதரித்து அறிக்கை வெளியிட்டார்கள். கையொப்பமிட்டவர்களில் தமக்கு இறையியல் கற்பித்த ஆசான்களின் பெயர்களைக் கண்டு பார்த் திடுக்கிட்டார். தாய்நாடு போர் தொடுத்ததும் அதற்கு இறைவனின் ஒப்புதலைத் தேடித்தர ஓர் இறையியலால் முடிகிறதென்றால், பழுது அந்த இறையியலின் வேரிலேயே இருக்கவேண்டும் என்று அவர் கருதினார். ஆசிரியர் தொழிலில் இருப்பவன் என்பதால், இந்த இடத்தைக் கடந்து செல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது நிலைமை முற்றியது. 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்று தம்மை அழைத்துக்கொண்ட ஓர் இயக்கத்தார், இனமும் இரத்தமும் தேசமும் இறைவன் வகுத்த ஒழுங்குகள் என்றனர். ஹிட்லரின் எழுச்சியில் இறைவனின் கரத்தையே கண்டதாகப் பிரசாரம் செய்தனர். அவ்வாண்டு ஜூலையில் நடந்த திருச்சபைத் தேர்தலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் அவர்களுக்கே கிடைத்தன. செப்டம்பரில் பிரஷ்யத் திருச்சபை, யூத வம்சாவளியினர் பாதிரியாராகப் பணியாற்றக் கூடாது என்று விதி செய்தது. ஞானஸ்நானம் பெற்றுப் பல்லாண்டு பிரசங்கம் செய்தவராயினும் பாட்டன் யார் என்பதே கேள்வியாயிற்று! நவம்பர் 13ஆம் நாள் பெர்லின் விளையாட்டு அரங்கில் சுமார் 20,000 பேர் கூடிய பொதுக்கூட்டத்தில், அவ்வியக்கத்தின் தலைவர் ஒருவர் பழைய ஏற்பாட்டையே அகற்றவேண்டும் என்று முழங்கினார். இப்ராஹீம் நபி, மூஸா நபி (அலை) ஆகியோரின் வரலாறுகளைத் தாங்கிய பகுதியல்லவா அது! தேசத்தை வேதத்திற்கு ஏற்பத் திருத்தப் புறப்படுவதாகச் சொன்னவர்கள், ஓராண்டு முடியுமுன் தேசத்திற்கு ஏற்ப வேதத்தைத் திருத்தத் தொடங்கிவிட்டார்கள்.

எதிர்த்தவர்கள் 1934 மே மாத இறுதியில் பார்மென் என்னும் நெசவு நகரில் கூடினர். சுமார் 140 பிரதிநிதிகள். அவர்கள் ஏற்ற ஆறு கூற்றுகளை முன்கூட்டியே எழுதித் தந்தவர் பார்த். வரைவுக் குழுவிலிருந்த மற்ற இருவரும் பகலுணவுக்குப் பின் உறங்கிவிட்டதாகவும், தாம் கடுங்காப்பியும் பிரேசில் சுருட்டும் துணையாக எழுதி முடித்துவிட்டதாகவும் அவர் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. (சுருட்டை நம் மாணவர்கள் முன்மாதிரியாகக் கொள்ளவேண்டாம்.)

அந்த ஆறின் சாரம் இதுதான்: இறைவனின் வெளிப்பாட்டுக்குப் பக்கத்தில் இனம், தேசம், வரலாற்று நிகழ்ச்சி, தலைவர் என இன்னொன்றையும் வெளிப்பாடாக வைக்க முடியாது. வாழ்வின் எந்தத் துறையிலும் வேறொரு எஜமானருக்கு நாம் உரியவர்களல்லர். அரசுக்கு நீதியையும் அமைதியையும் காக்கும் பணி உண்டு. மனித வாழ்வு முழுவதற்கும் தானே ஒரே ஒழுங்கு என்று அது உரிமை கோரக்கூடாது. ஈஸா நபி (அலை) அவர்களைப் பற்றி அவர்கள் கொண்ட நம்பிக்கை வேறு, நம்முடையது வேறு, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் இறைவனுக்குரிய இடத்தில் இன்னொன்றை வைக்காதே என்ற குரல் நம் செவிக்குப் புதிதன்று.

பார்த் சொன்னபடி நடந்தார். அவ்வாண்டு ஹிண்டன்பர்க் மறைந்தபின் அரசு ஊழியர் யாவரும் ஹிட்லரின் பெயரால் விசுவாசப் பிரமாணம் செய்ய ஆணை பிறந்தது. ஒரு கிறிஸ்தவனாக என் பொறுப்புக்கு உட்பட்ட அளவில் என்று சேர்த்துத்தான் சொல்வேன் என்றார், பான் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த பார்த். நவம்பரில் பணி நிறுத்தம். 1935இல் பதவி நீக்கம். அதன்பின் தாய்நாடான சுவிட்சர்லாந்து.

இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. 2021 ஜனவரி 6இல் அமெரிக்க நாடாளுமன்றத்துள் புகுந்த கும்பலுடன் சிலுவையும் இயேசுவின் பெயரெழுதிய கொடிகளும் இருந்தன. செனட் அவையில் பிரார்த்தனைகூட நடந்தது. அதற்கு ஈராண்டு முன்பே, 2019இல், அந்நாட்டு பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களின் முன்முயற்சியில் கிறிஸ்தவ தேசியவாதத்திற்கு எதிராக ஓர் அறிக்கை வெளிவந்திருந்தது. சமய அதிகாரத்தையும் அரசியல் அதிகாரத்தையும் ஒன்றாக்குவது சிலை வணக்கத்திற்கு ஒப்பானது என்றும், சிறுபான்மையினர் ஒடுக்கப்படுவதற்கு அது வழிவகுக்கிறது என்றும் அதில் எழுதியவர்கள், அந்நாட்டின் பெரும்பான்மைச் சமயத்தைச் சேர்ந்தவர்களே.

வாசகர்களே, இதையெல்லாம் படித்து 'அவர்கள் வீட்டுச் சண்டை' என்று நாம் மகிழ்ந்துவிட முடியாது. அஸபிய்யத் என்னும் குலவெறியை நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்தது தம் முன்னே அமர்ந்திருந்த முஸ்லிம்களிடம்தான்.

மாணவரிடம் நான் பார்மென் வரலாற்றைச் சொல்லி முடித்தேன். அவர் முகத்தில் மலர்ச்சி. அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது ஆசிரியனுக்கு அழகன்று. அந்த ஆறு கூற்றுகளில் யூதர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதையும் சொன்னேன். யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்கும்படி நாடெங்கும் ஏவப்பட்டு ஓராண்டு கடந்திருந்தது. அவர்கள் அரசுப் பணிகளிலிருந்து நீக்கப்பட்டிருந்தனர். தம் திருச்சபையின் சுதந்திரத்திற்காக அவ்வளவு துணிவோடு எழுந்தவர்கள், அடுத்த வீட்டாரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"ஒரு வரி சேர்த்திருந்தால் எத்தனை பேர் ஏற்றிருப்பார்கள், ஹஜ்ரத்?" என்றார் மாணவர்.

அதற்கு விடை பார்த்திடமே உண்டு. 1967இல், 80 வயதைக் கடந்த முதியவராக, ஒரு கடிதத்தில் அவர் இதைத் தம் குற்றமாகவே ஒப்புக்கொண்டார். அவ்வரியைச் சேர்த்திருந்தால் அன்று கூடியிருந்தவர்கள்கூட ஏற்றிருக்கமாட்டார்கள் என்று எழுதினார். அதற்காக நான் எழுதாமலும் போராடாமலும் இருந்தது நியாயமாகிவிடாது என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.