வாயில்லாச் சீவனுக்கும் பத்தியம் உண்டு

நோயுற்றவருக்குப் பத்தியம் காப்பது நம் இல்லங்களுக்குப் புதிதன்று. அதே கட்டுப்பாடு வீட்டு நாய்க்கும் வேண்டுமென்றால் சிலர் நகைக்கக் கூடும். ஆயினும் நாட்பட்ட சிறுநீரக நோய் கண்ட நாய்க்கு மருந்தினும் மேலாக உதவுவது உணவே என்பதை நாம் அறிதல் நன்று.

இந்நோய் ஓசையின்றி வருவது. சிறுநீரகத்தின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அழிந்த பின்னரே வெளிக்குறிகள் தோன்றும். நாய் மிகுதியாக நீர் அருந்தும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், மெலியும், வாய் நாறும், உணவை வெறுக்கும். அழிந்த பகுதி மீள்வதில்லை. எஞ்சிய பகுதியின் சுமையைக் குறைப்பதே நம்மால் இயல்வது.

இதனை முதலிற் செயலிற் காட்டியவர்களுள் ஒருவர் அமெரிக்க மிருக வைத்தியர் மார்க் மொறிஸ். கண்பார்வையற்ற மொறிஸ் பிராங்கு என்பவருக்கு வழிகாட்டிய ‘படி’ என்னும் நாய்க்குச் சிறுநீரகம் பழுதுற்றபோது, 1930களின் இறுதியில், அதற்கெனத் தனி உணவொன்றை அவர் ஆக்கினார். கண்ணாடிச் சாடிகளில் அனுப்பிய அவ்வுணவு வழியில் உடைந்து வீணாகவே, பின்னர் தகரத்தில் அடைக்கும் வழி பிறந்தது. 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 38 நோயுற்ற நாய்கள் இரு கூறாக்கப்பட்டன. வழக்கமான உணவு உண்டவற்றின் ஆயுள் இடையம் 188 நாள். பத்திய உணவு உண்டவற்றினதோ 594 நாள். ஓராண்டுக்கும் மேலான வாழ்வு ஒரு கிண்ணத்தில் அடங்கியிருந்ததன்றோ!

இனி நம் ஊருக்கு வருவோம். பெருக்க மரத்தாற் பெயர்பெற்ற பள்ளிமுனை கடற்றொழிலால் வாழும் ஊர். இங்கே நாயின் பங்கு பெரும்பாலும் மீன்தலையும் முள்ளும் கருவாட்டுத் துண்டுமே. நலமுள்ள நாய்க்கு அது போகட்டும். நோயுற்ற நாய்க்கு அவை ஆகா. முள்ளிலும் எலும்பிலும் பொசுபரசு மிகுதி. பழுதுற்ற சிறுநீரகத்தால் அதனை வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் தேங்கி நோயை விரைவுபடுத்தும். கருவாட்டின் உப்போ மற்றொரு சுமை.

ஆகவே வெள்ளைச் சோறு, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, முள்ளும் தோலும் நீக்கிய சிறிதளவு இறைச்சி என்பன ஏற்றவை. இறைச்சியை நீரில் அவித்து அந்நீரைக் கொட்டிவிட்டால் பொசுபரசு ஓரளவு குறையும். உப்பு, ஈரல், வெங்காயம், முந்திரிகைப்பழம் வேண்டா. புரதத்தை அறவே நீக்குதலும் தவறு. தசை கரைந்து நாய் தளரும். சோறும் முட்டையும் மட்டுமே நெடுநாட்குப் போதா. சுண்ணச் சத்தும் உயிர்ச்சத்தும் குறையும். எவ்வளவு சேர்ப்பதென்பதை இரத்தப் பரிசோதனை கண்ட மிருக வைத்தியரே கூறவேண்டும்.

புதிய உணவை ஒரே நாளில் மாற்றாது, பழையதுடன் சிறிது சிறிதாகக் கலந்து ஓரிரு வாரத்தில் பழக்குக. குமட்டல் உள்ள நாளில் வற்புறுத்தினால் அவ்வுணவையே நாய் என்றும் வெறுக்கும். இளஞ்சூடாகக் கொடுத்தால் மணம் எழும், பசியும் எழும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். இரவில் வீட்டை நனைக்கிறதென்று தண்ணீரை மறைத்தல் கொடுமை. அது நோயின் குறி, நாயின் குற்றமன்று. மனிதருக்குரிய நோவு மாத்திரைகளை நாமாகக் கொடுத்தலும் ஆகாது.

மாணவர்களே, இல்லத்தில் இப்பத்தியத்தைக் காப்பவரும் குலைப்பவரும் நீங்களே. உணவு வேளையில் அது உங்கள் முகத்தையே நோக்கி நிற்கும். இரங்கி ஒரு கருவாட்டுத் துண்டை எறிவது எளிது. கேட்டதைக் கொடுப்பதிலும் தகுவதைக் கொடுப்பதே பேரன்பு. தன் நோயை உரைக்க வாயற்ற உயிருக்கு அந்த அன்பை நாமே நினைந்து செய்தல் வேண்டும்.