குளித்தாலும் போகாத வாடை

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், சுவையையும் மணத்தையும் ஆராய்வதற்கென்றே மோனெல் மையம் என்றோர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஜார்ஜ் பிரெட்டி என்ற வேதியியலாளர் அங்கே பல பத்தாண்டுகள் மனித உடலின் வாடையை ஆராய்ந்தார். அவர் மருத்துவர் இல்லை. ஆனாலும் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்து பதில் கிடைக்காதவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். எவ்வளவு குளித்தாலும் உடம்பில் நாற்றம் போகவில்லை, காரணம் ஒருவருக்கும் தெரியவில்லை என்பதே அவர்கள் கொண்டுவந்த முறையீடு. அப்படி வந்த 353 பேரின் சோதனை முடிவுகளை அவரது குழு 2011-இல் வெளியிட்டது. 118 பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, மருத்துவ நூல்களில் பெயர் உள்ள ஒரு நோய் இருந்தது.

அதன் பெயர் டிரைமெத்திலமினூரியா. மீன் வாடை நோய் என்றும் சொல்வார்கள். முட்டை, ஈரல், சோயா, பயறு வகைகளில் கோலின் என்றொரு சத்து உண்டு. உடலுக்கு அவசியமான சத்து. அதில் ஒரு பகுதியைக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைத்து டிரைமெத்திலமின் என்ற பொருளாக்குகின்றன. மீன் கெட்டுப்போகும்போது எழும் கவிச்சி வாடைக்கும் அதே பொருள்தான் காரணம். எல்லோர் குடலிலும் அது உண்டாகிறது. ஆனால் கல்லீரலில் உள்ள எஃப்எம்ஓ3 என்ற நொதி அதனோடு ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து வாடையற்றதாக மாற்றிவிடுகிறது. நலமாக இருப்பவர் உடலில் 90 விழுக்காட்டுக்கு மேல் இப்படி மாறிய பிறகே சிறுநீரில் வெளியேறும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தவருக்கு அந்த நொதி சரியாக வேலை செய்யாது. அப்போது டிரைமெத்திலமின் ரத்தத்தில் கலந்து வியர்வையிலும் மூச்சுக்காற்றிலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. உள்ளிருந்து வருவதைத் தோலைத் தேய்த்துக் கழுவி எப்படி நிறுத்துவது? 1970-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் ஒரு சிறுமியின் உடலில் வீசிய மீன் வாடையைப் பதிவு செய்தது. 1997-இல் லண்டன் ஆய்வாளர்கள் பழுதான மரபணுவை அடையாளம் காட்டினார்கள்.

இதே பழுது மனிதரோடு நிற்கவில்லை. சுவீடனில் சில பசுக்களின் பாலில் மீன் வாடை வந்தபோது, அதே எஃப்எம்ஓ3 மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என 2002-இல் கண்டுபிடித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, பழுப்பு முட்டையிடும் கோழிகளில் சிலவற்றின் முட்டை ஏன் மீன் வாடை அடிக்கிறது என்பதற்கும் அதே மரபணுவில் விடை கிடைத்தது. கோழி இனவிருத்தி நிறுவனங்கள் சோதனை நடத்தி, குறையுள்ள கோழிகளைத் தாய்க் கூட்டத்திலிருந்து விலக்கின. முட்டை விற்கவில்லை என்றால் பண்ணைக்கு நட்டம். அதனால் சோதனை உடனே நடைமுறைக்கு வந்தது. அதே குறையோடு பிறக்கும் மனிதப் பிள்ளையோ, பள்ளியில் கேலிக்கு ஆளாகி, கல்லூரியில் ஒதுங்கி, வேலை மாற்றி வேலை மாற்றி, பல ஆண்டுகள் கழித்தே நோயின் பெயரைக் கேள்விப்படுகிறது. அதுவும் பலருக்குத் தற்செயலாகத்தான்.

தாமதத்துக்கு அறியாமை ஒரு காரணம் என்றால், மூக்கின் இயல்பு இன்னொரு காரணம். தொடர்ந்து வரும் எந்த வாடைக்கும் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். தோல் பதனிடும் இடத்துக்கு அருகே குடியிருப்பவருக்கு அந்த வாடை உறைப்பதில்லை, விருந்தாளிக்குத்தான் குமட்டும். தன் உடம்பின் வாடையும் அப்படித்தான். ஆகவே பாதிக்கப்பட்டவர் அதை அடுத்தவர் முகத்திலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போகிறார். அலுவலகத்தில் ஒருவர் ஜன்னலைத் திறக்கிறார். ஒருவர் செருமுகிறார், இன்னொருவர் மூக்கைத் தேய்க்கிறார். இவற்றில் எது தன்னால், எது தற்செயல்? ஜலதோஷம் பிடித்தவரின் தும்மலும் அவருக்குத் தீர்ப்பாகவே கேட்கும். நாள் முழுக்க முகங்களையே வாசித்துக்கொண்டிருப்பவரின் மனம் எப்படிக் களைத்துப்போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மருத்துவரின் மூக்கும் நம்பத்தக்க சாட்சி இல்லை. இந்த வாடை எப்போதும் ஒரே அளவில் வீசுவதில்லை. உணவைப் பொறுத்து ஏறும், இறங்கும். காய்ச்சலிலும் அதிக வியர்வையிலும் கூடும். பெண்களுக்குப் பூப்படையும் வயதிலும் மாதவிடாயை ஒட்டியும் தீவிரமாகும். மோனெல் மையத்தில் நோய் உறுதியானவர்களில்கூட, நேரில் சந்தித்த வேளையில் மீன் வாடை தெரிந்தவர்கள் மிகச் சிலரே. போதாக்குறைக்கு, எல்லோருடைய மூக்கும் ஒரே மாதிரி அல்ல. ஐஸ்லாந்தில் 9,000-க்கும் மேற்பட்டவர்களை வாசனைகளை முகரவைத்து நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. டிரைமெத்திலமினை உணரும் மரபணுவில் ஒரு மாற்றம் உள்ளவர்களில் சிலர் மீன் வாடையை மீன் வாடையாகவே உணரவில்லை. உருளைக்கிழங்கு, கேரமல், ரோஜா என்றெல்லாம் சொன்னார்கள். ஐந்து நிமிடம் எதிரே அமர்ந்துவிட்டு 'வாடை எதுவும் இல்லையே' என்று எழுதித் தரும் மருத்துவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடம் எதையும் நிரூபிக்கவும் இல்லை.

அங்கிருந்து நோயாளியை நேராக மனநல மருத்துவரிடம் அனுப்பும் வழக்கம் உண்டு. அதற்கும் அடிப்படை இல்லாமல் இல்லை. உடலில் நாற்றம் எதுவும் இல்லாமலே, தான் நாறுவதாக அசையாமல் நம்பும் நிலை ஒன்று உண்டு. 1971-இல் பிரைஸ்-பிலிப்ஸ் என்ற மருத்துவர் அதற்குத் தனிப் பெயர் கொடுத்து விவரித்தார். ஜப்பானிய மருத்துவம் அதை நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. அமெரிக்காவில் இந்நிலையில் இருந்த 20 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியான கட்டுரை படிக்கவே கலங்க வைக்கும். அவர்களில் பெரும்பாலோர் அந்த நாற்றத்தைத் தங்கள் மூக்காலேயே உணர்ந்ததாகச் சொன்னார்கள். 40 விழுக்காட்டினர் ஒரு வாரத்துக்குமேல் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்திருக்கிறார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தற்கொலைக்கு முயன்றிருந்தார். இந்த நிலைக்கு மருந்துகளும் உளவியல் சிகிச்சையும் பலன் தருகின்றன.

தவறு மனநல மருத்துவரிடம் அனுப்புவதில் இல்லை. சோதிக்காமல் அனுப்புவதில்தான் இருக்கிறது. சிறுநீரில் உள்ள டிரைமெத்திலமினுக்கும் அதன் வாடையற்ற வடிவத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்தால் ஒரு பக்கம் தெளிந்துவிடும். அதைச் செய்யாமல் 'எல்லாம் மனப்பிரமை' என்று சொன்னால், உண்மையிலேயே நொதிக் குறை உள்ளவர் மருத்துவத்தின் மீதே நம்பிக்கை இழக்கிறார். மனநிலைதான் காரணம் என்றாலும், சோதித்துப் பார்த்துச் சொன்னால் அவர் அதை ஏற்க வழி இருக்கிறது. இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு. 'நாறுகிறாய்' என்று பத்து வருடம் கேட்டுவந்தவர், சிகிச்சையால் வாடை குறைந்த பிறகும் முகங்களை வாசிப்பதை நிறுத்த முடியாமல் தவிப்பது இயல்பே.

மோனெல் மையத்தில் நோய் உறுதியாகாத மீதி 235 பேர் என்ன ஆனார்கள் என்ற கேள்வி எழும். அவர்கள் எல்லோரும் கற்பனையில் வாழ்பவர்கள் என்று முடிவு கட்டுவது அவசரம். கற்றாழை நாற்றம் என்று ஊரில் சொல்லும் அக்குள் வாடை, அங்கே சுரக்கும் மணமற்ற நீரைத் தோல் பாக்டீரியாக்கள் கந்தகச் சேர்மங்களாக மாற்றுவதால் வருவது. அதற்குத் தோல் மருத்துவத்தில் சிகிச்சை உண்டு. ஈறு நோய், உள்நாக்கருகே டான்சிலில் சேரும் கற்கள், சைனஸ் தொற்று, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் பாதிப்பு என்று தேட வேண்டிய இடங்கள் பல. இன்னும் பெயரே வைக்கப்படாத காரணங்களும் இருக்கும். 2018-இல் நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் அப்படி ஒன்றைத் திறந்து காட்டினார்கள். வாயிலும் பல்லிலும் கோளாறே இல்லாத சிலரின் மூச்சில் முட்டைக்கோஸ் போன்ற வாடை வீசியது. கந்தகச் சேர்மம் ஒன்றைச் சிதைக்க வேண்டிய நொதி அவர்களுக்கு மரபணுக் குறையால் வேலை செய்யவில்லை. அதற்கு முந்தைய வருடம் வரை அவர்களும் 'காரணம் தெரியாதவர்கள்' பட்டியலில்தான் இருந்தார்கள்.

வாடையைப் பொருட்படுத்திய ஒரு தாயால் மருத்துவம் பெற்ற நன்மையும் இங்கே நினைக்கத்தக்கது. நார்வேயில் போர்க்னி ஈகலாண்ட் என்ற பெண்ணின் இரண்டு பிள்ளைகளுக்கும் மனவளர்ச்சி குன்றியது. அவர்களிடம் ஒரு விநோத வாடை வீசுவதையும் அவர் கவனித்தார். மருத்துவர்கள் பலரிடம் கேட்டும் விடை கிடைக்கவில்லை. கடைசியில் 1934-இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடை ஊற்றினார். அது பச்சையாக மாறியது. பிள்ளைகளின் சிறுநீரைத் தாய் குடம் குடமாகக் கொண்டுவந்து கொடுக்க, ஃபீனைல்கீட்டோன்யூரியா என்று இன்று அறியப்படும் நோய் வெளிப்பட்டது. பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனை அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்ததே. முகர்ந்தவர் சொன்னதை ஒருவர் சோதித்துப் பார்த்தார், அவ்வளவுதான் நடந்தது.

மீன் வாடை நோயை அடியோடு குணமாக்கும் மருந்து இல்லை. கட்டுக்குள் வைக்க முடியும். உணவில்தான் முதல் மாற்றம். முட்டையின் மஞ்சள் கரு, ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, சோயா, நிலக்கடலை, பட்டாணி, பயறு ஆகியவற்றைக் குறைக்கச் சொல்வார்கள். கடல் மீன், இறால், நண்டு, கணவாய் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்; டிரைமெத்திலமினின் வாடையற்ற வடிவம் அவற்றில் நிறைய இருப்பதால் குடல் பாக்டீரியா அதைத் திரும்ப டிரைமெத்திலமினாக மாற்றிவிடும். கட்லா, ரோகு, விரால் போன்ற நன்னீர் மீன்களில் அது மிகக் குறைவு. மத்தியும் நெத்திலியும் இல்லாமல் சோறு இறங்காத கடலோர வீடுகளில் இந்த வேறுபாடு பெரிய ஆறுதல். உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் எல்-கார்னிட்டின் பொடி, கோலின் மாத்திரை ஆகியவை மரபணுக் குறை இல்லாதவரிடமும் இந்த வாடையைக் கொண்டுவரலாம். அவற்றை நிறுத்தினாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சோப்பிலும் கவனம் வேண்டும். டிரைமெத்திலமின் காரத்தன்மை கொண்டது. சாதாரண சோப்பும் காரம்தான். சற்றே அமிலத்தன்மை உள்ள, பிஎச் அளவு 5.5 முதல் 6.5 வரை உள்ள சோப்பு, தோலில் படிந்த டிரைமெத்திலமினை எளிதில் ஆவியாகாத உப்பாக மாற்றிக் கழுவிவிடுகிறது. மருத்துவர் மேற்பார்வையில் குறுகிய காலம் மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைப்பதும் உண்டு. மருத்துவக் கரித்தூளும் செம்பு குளோரோஃபிலினும் உதவியதாக 2004-இல் ஜப்பானில் ஒரு சிறிய ஆய்வு சொன்னது.

இங்கே ஓர் எச்சரிக்கை முக்கியம். சோதனைக்கு முன்பே உணவை அடியோடு மாற்றிக்கொண்டால் சிறுநீரில் குறை தெரியாமல் போகலாம். வழக்கமான உணவு உண்ட நிலையில், அல்லது மருத்துவர் கொடுக்கும் கோலினை உட்கொண்ட பின், சோதிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கோலினைத் தாமாகக் குறைக்கவே கூடாது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது தேவை.

சோதனையையும் சோப்பையும்விடக் கடினமானது சுற்றியிருப்பவர்களின் நடத்தை. 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப இருந்த ஒரு மூதாட்டியை வாடை அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் அங்கேயே நின்று நியாயம் கேட்ட காணொளி நாடெங்கும் பரவியது. முதலமைச்சர் வருத்தம் தெரிவித்தார். ஊழியர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவரது வாடைக்கு எல்லோரும் புரிந்துகொள்ளும் காரணம் இருந்தது, உழைப்பு. காரணம் தெரியாமல் நாறுபவருக்காக அப்படிப் பேச யாரும் முன்வருவதில்லை. 'குளிக்காதவர்' என்ற பட்டமே அவருக்கு மிஞ்சுகிறது. சாதியையும் வறுமையையும் நாற்றத்தோடு சேர்த்தே பேசிப் பழகிய சமூகத்தில் அந்தப் பட்டத்தின் கனம் இன்னும் அதிகம். மேசையில் பெயரில்லாமல் வாசனைத் திரவியம் வைத்துவிட்டுப் போவது உதவி ஆகாது. நம்பிக்கைக்குரிய ஒருவர் தனியே அழைத்து, எப்போது, எந்த மாதிரி வாடை வருகிறது என்று நேராகச் சொன்னால் அது மருத்துவருக்கும் பயன்படும் தகவல். பாதிக்கப்பட்டவர்களில் பலர் கேட்பதும் அந்த ஒரு நேர்மையான மூக்கைத்தான். மனம் தாங்காமல் போகும் நேரத்தில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் பேசலாம். இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.

அரசு செய்ய வேண்டியது மலையைப் பெயர்க்கும் வேலை அல்ல. பிரிட்டனில் ஷெஃபீல்டு குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வகம் இந்தச் சோதனையைச் செய்து தருகிறது. சிறுநீர் மாதிரியில் அமிலம் சேர்த்து உறையவைத்து அனுப்பலாம் என்பதால் நோயாளி நேரில் பயணம் செய்ய வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இத்தகைய ஆய்வகம் இயங்கி, மாவட்ட மருத்துவமனைகள் மாதிரியை அங்கே அனுப்பினால் கன்னியாகுமரியில் இருப்பவருக்கும் கிருஷ்ணகிரியில் இருப்பவருக்கும் விடை கிடைத்துவிடும். தோல் மருத்துவரும் பொது மருத்துவரும் இந்த நோயின் பெயரையாவது அறிந்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் சோதிப்பது நல்லது. பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவைத் தாங்கியும் வாடை இல்லாமலே இருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பள்ளியில் கேலி தொடங்குவதற்கு முன்பே தெரிந்துவிட்டால், அந்தப் பிள்ளை எதைச் சாப்பிடுவது, எந்தச் சோப்பில் குளிப்பது என்ற இரண்டு கேள்விகளோடு வளரும்.