குன்னூர்–உதகை: மலையில் வாழ்பவர்களுக்கும் ஒரு கால அட்டவணை

நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு உச்சவரம்பும் வைத்தது: வார நாளில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. மலைச்சாலை இனித் தாங்காது என்று நீதிமன்றமே சொன்ன பிறகு, அந்தச் சாலையை ஒட்டியே ஓடும் ரயிலைப் பற்றி, அதை இயக்கும் துறையினராகிய நாம் பேசாமல் இருக்க முடியாது.

நீலகிரி மலை ரயில் 46 கி.மீ. நீளமுள்ள ஒரே பாதை. இயக்கத்தில் அது இரண்டு. 1899-ல் திறந்த மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதியில், கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்கிவிடும். அங்கே வண்டி ஏறக்குறைய நடை வேகத்துக்கு இறங்கி வரும். இன்ஜினின் பற்சக்கரம் தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களில் சரியாகப் பொருந்திய பிறகுதான் ஏற்றம். 12 அடிக்கு ஓர் அடி என்ற அந்தச் சரிவில் நீராவி இன்ஜின் கீழ்ப்புறம் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் நிற்பது இந்தப் பகுதிதான். பக்கத்திலேயே யானை வழித்தடம். ஹில்குரோவ் அருகே கட்டிய தடுப்புச்சுவர் யானைகளை மறித்ததால் அதை இடிக்க நேர்ந்தது நமக்குத் தெரியும். இங்கே கூடுதல் வண்டிகளைக் கேட்பது பொறுப்பான கோரிக்கை ஆகாது.

குன்னூருக்கு மேலே கதை வேறு. 1908-ல் உதகைக்கு நீட்டிய 19 கி.மீ. பாதையில் பல்சக்கரம் கிடையாது. நூற்றுக்கு நான்கைச் சுற்றிய சரிவு, சாதாரணத் தண்டவாளம், டீசல் இன்ஜின். கீழே பாதை அடைபட்ட நாட்களிலும் பெரும்பாலும் மேலே வண்டி ஓடும். அந்த வழியில் வெலிங்டனில் ராணுவப் பயிற்சி மையம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, கேத்தியில் கல்லூரியும் பள்ளத்தாக்குக் கிராமங்களும், லவ்டேலில் பள்ளி, கடைசியில் மாவட்டத் தலைநகர். வேலைக்கும் படிப்புக்கும் சந்தைக்கும் தினமும் போய்வருபவர்கள் வாழும் ஊர்கள் இவை. இப்படி ஒரு வரிசை சமவெளியில் இருந்தால் புறநகர் ரயில் என்றே அழைத்திருப்போம். இங்கோ ஒரு நாளில் ஓடும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றின் நேரமும் சுற்றுலாப் பயணியைப் பார்த்து வைத்தது. ஷிப்ட் மணியையோ பள்ளி மணியையோ பார்த்து வைத்ததல்ல.

கணக்கு கடினமானதல்ல. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 70 நிமிடம், முனையில் 20 நிமிட நிறுத்தம் என்று வைத்தால், ஒரு ரேக் போய்வர மூன்று மணி நேரம். இரண்டு ரேக்குகள் குன்னூரிலும் உதகையிலும் ஒரே நேரத்தில் புறப்பட்டால், பாதி வழியான கேத்தியில் கிராசிங் ஆகும். இரு திசையிலும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு வண்டி. காலை 6 மணி முதல் இரவு 7.30 வரை ஒவ்வொரு முனையிலிருந்தும் பத்துப் புறப்பாடுகள். ஒற்றைப் பாதைக்கு ஒற்றைக் கிராசிங். புது வழித்தடமோ நிலம் கையகப்படுத்தலோ தேவையில்லை. மேட்டுப்பாளையம் வண்டியின் நேரத்தை இதற்குள் பொருத்த வேண்டும். அது தாமதமானால் உள்ளூர் வண்டி காத்திருக்கக் கூடாது என்பதையும் விதியாக எழுதிவிட வேண்டும்.

தட்டுப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது. மீட்டர் கேஜ் நாட்டில் அருகிவிட்டது. ஒய்.டி.எம்.4 டீசல் இன்ஜினுக்கு உதிரிபாகம் தேடுவதே ஒரு வேலை. நீராவி இன்ஜினைப் புதிதாகவே செய்து காட்டிய பொன்மலைப் பணிமனைக்கும், இந்தப் பாதைக்கென்று புதுப்பெட்டிகள் தந்த ஐ.சி.எஃப்.புக்கும் ஓர் எளிய மீட்டர் கேஜ் ரயில்கார் எட்டாத காரியமல்ல. அதுவரை இரண்டு ரேக்கும் ஓர் உபரி ரேக்கும் போதும். அவற்றைப் பராமரிக்கக் குன்னூர் ஷெட்டில் ஆள் வேண்டும். வண்டி கூடும்போது பாதையைப் பார்க்கும் நேரம் குறையும்; ஆகவே டிராக்மேன் காலியிடங்களை நிரப்பாமல் ஒரு வண்டியைக்கூடக் கூட்டக் கூடாது.

2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாதையில் கை வைக்கலாமா என்ற தயக்கம் நியாயமானது. சுவிட்சர்லாந்தின் அல்புலா–பெர்னினா பாதை 2008-ல் அதே பட்டியலில் சேர்ந்தது. அங்கே இன்றும் மணிக்கொரு வண்டி உள்ளூர்க்காரர்களை ஏற்றிச் செல்கிறது. நம்மைப் போலவே மீட்டர் கேஜும் ஆப்ட் பல்சக்கரமும் கொண்ட செர்மாட் பாதையில், கார் நுழையாத அந்த ஊருக்குக் கீழேயுள்ள டேஷிலிருந்து 20 நிமிடத்துக்கு ஒரு ரயில். பாலத்தையும் நிலையக் கட்டடத்தையும் நீராவி இன்ஜினையும் காப்பது நம் கடமை. மக்கள் ஏறி இறங்குவதும் அந்தப் பாரம்பரியத்தில் சேர்ந்ததுதான். இந்தப் பாதை போடப்பட்டதே போக்குவரத்துக்காக.

நட்டக் கணக்கும் வரும். 2018-ல் கட்டணம் உயர்த்தப்பட்டபோது சுமை விழுந்தது சுற்றுலாப் பயணி மீது மட்டுமல்ல. பயணச் சுகத்துக்காக வருபவர் முன்பதிவுப் பெட்டிக்கு முழுக் கட்டணம் தரட்டும். அருவங்காட்டுத் தொழிலாளிக்கும் கேத்தி மாணவிக்கும் முன்பதிவில்லாப் பெட்டியும், பேருந்துக் கட்டணத்தை மிஞ்சாத மாத சீசன் சீட்டும் வேண்டும். இதில் வரும் பற்றாக்குறையை ரயில்வே தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. சாலையை அகலப்படுத்தவும் சரிந்த மண்ணை அள்ளவும் செலவழிக்கும் மாநில அரசு அதில் பங்கேற்பது முறை.

சேலம் கோட்டம் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: வரும் கல்வியாண்டின் தொடக்கத்தில், குன்னூரிலும் உதகையிலும் காலை 8 மணிக்கு முன் ஒன்று, மாலை 5 மணிக்குப் பின் ஒன்று என இரண்டு ஜோடி உள்ளூர் வண்டிகளை ஓர் ஆண்டுக்குச் சோதனையாக இயக்கட்டும். ஏறுவோர் எண்ணிக்கையை நிலையவாரியாக எடுத்து வெளியிடட்டும். மூன்றே மாதத்தில் கூட்டமில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. தினசரிப் பயணி தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள ஓராண்டாவது ஆகும். கட்டுப்பாட்டு அறையிலும் ஷெட்டிலும் பாதையிலும் இருக்கும் நம் வாசகர்கள் இந்த அட்டவணையைத் திருத்தி, மேம்படுத்தி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிட்டு, கோட்ட மேலாளரின் மேசைக்கும் கொண்டு சேர்ப்போம்.