பிள்ளையின் துயரமும் பூசாரியின் தண்ணீரும்

திருத்தங்கலில் சென்ற மாதம் ஒரு தாயார் நம்மைத் தேடி வந்தார். தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவர். அவருடைய மகளுக்கு வயது 15. பரீட்சையில் மார்க்குக் குறைந்தது முதல் அந்தப் பெண் யாருடனும் பேசுவதில்லை. பேசினால் எரிந்து விழுகிறாள். இரண்டு தடவை தன் உடம்பைத் தானே புண்படுத்திக்கொண்டும் விட்டாள். "அண்ணாச்சி, சாமியுமில்ல பேயுமில்லன்னு மேடையில பேசுறீக. அப்ப எம் பிள்ளைக்கு வந்திருக்கிறது என்னது?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். பேயை விரட்ட நமக்குத் தெரியும். விரட்டிய இடத்தில் எதை வைப்பது என்று நாம் இத்தனை நாள் யோசித்தோமில்லை.

நம்மிடம் வருமுன் அவர் ஜோசியரிடம் போயிருக்கிறார். ஏழரைச் சனி என்றாராம். (ராசிபலன் எப்படி உண்டாகிறது என்பது பக்கத்துச் சிவகாசியில் நாள்காட்டி அச்சிடும் தோழர்களுக்குத் தெரியும். எந்த ராசிக்கு எந்தப் பலன் போட்டாலும் மெஷின் ஒரே மாதிரிதான் ஓடுகிறது.) பிறகு கோடாங்கியிடம் போக, அவர் உடுக்கடித்து, மந்திரித்த தண்ணீரைப் பெண்ணின் முகத்தில் அடித்தாராம். பெண் சற்று நேரம் அடங்கினாளாம். அதனால்தான் அந்த அம்மாளுக்கு நம் பேச்சிலும் சந்தேகம், கோடாங்கியின் பேச்சிலும் சந்தேகம்.

இந்தச் சங்கதியைப் பற்றிச் சில புத்தகங்களைத் தேடிப் படித்தோம். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து சர்வகலாசாலையில் மார்ஷா லினஹன் என்ற அம்மையார், சாகவேண்டும் என்றே எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு சிகிச்சை கண்டார். அதற்கு டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி என்று பெயர். 1991-ல் அதன் சோதனை முடிவு வெளிவந்தது. 1993-ல் புத்தகம் வந்தது. தாமே பதினேழு வயதில் பைத்திய ஆஸ்பத்திரியில் கிடந்தவர் என்பதை 2011-ல் அவர் உலகறியச் சொன்னார். அவர் தெய்வ நம்பிக்கையுள்ளவர். ஜென் பௌத்தத்திலிருந்தும் சில பழக்கங்களை எடுத்துக்கொண்டவர். அதனால் நமக்கென்ன? அவர் தம் சிகிச்சையை ஜெபத்தில் விடாமல், செய்து பார்த்து, எண்ணிக் கணக்கிட்டு, மற்றவர்களும் சோதிக்கும்படி வைத்தார். நாம் கேட்பதும் அவ்வளவுதான்.

அதில் ஒரு பாடம் துயரத்தைத் தாங்கிக் கடப்பது. கொதிப்பு உச்சியில் இருக்கும்போது புத்திமதி ஏறாது. முதலில் உடம்பை அடக்கு என்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் முகத்தை அமிழ்த்தினால் இருதயத் துடிப்பு குறைகிறது. தண்ணீரில் மூழ்கும் பிராணிகளுக்கு உள்ள இந்தக் குணம் மனிதனுக்கும் உண்டு. (இருதய நோயுள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் செய்யக்கூடாது.) வேகமாக ஓடுவது, மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுவது ஆகியவையும் அதே ஜாதி. அப்படியானால் கோடாங்கி அடித்த தண்ணீரில் ஏதாவது வேலை நடந்திருந்தால் அது குளிர்ச்சி செய்த வேலையா, மந்திரம் செய்த வேலையா? குழாயடித் தண்ணீரை மந்திரிக்காமல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தட்சிணையும் மிச்சம்.

ஆனால் நமக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. நடந்ததை நடந்ததென்று ஏற்றுக்கொள் என்கிறது அந்தச் சிகிச்சை. இதைப் படித்ததும் நமக்குக் கோபம் வந்தது. தலைவிதி என்று நம்மவர்கள் ஆயிரம் வருஷமாகச் சொல்லுகிறதும் இதுதானே என்று நினைத்தோம். மேலே படித்த பின்புதான் வித்தியாசம் விளங்கிற்று. விதி என்பவன், நடந்தது நியாயம், மாற்ற முடியாது என்கிறான். இவர்களோ, நடந்தது மெய், அது நியாயமென்று சொல்லவேண்டியதில்லை, மாற்றுவதற்கு முதலில் அதைப் பார் என்கிறார்கள். "நீ இப்படித் துடிப்பதற்குக் காரணம் இருக்கிறது, ஆனாலும் நீ மாறத்தான் வேண்டும்" என்ற இரண்டையும் ஒரே வாயால் சொல்லுவதே டயலெக்டிக்கல் என்பதன் அர்த்தம். நம் வீடுகளிலே முதல் பாதியைச் சொல்லுகிறவர் யார்? "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்பதல்லவா நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆறுதல்!

பிள்ளைகளுக்கென்று இதை மாற்றியமைத்தவர்கள், பெற்றோரையும் பக்கத்தில் உட்கார வைத்தே பாடம் நடத்துகிறார்கள். நார்வேயில் 2014-லும் அமெரிக்காவில் 2018-லும் வெளிவந்த சோதனைகளில், இந்தச் சிகிச்சை பெற்ற பிள்ளைகள் தம்மைப் புண்படுத்திக்கொள்வது மற்றவர்களைவிடக் குறைந்ததாகக் கண்டார்கள். அதற்காக இதையும் ஒரு மந்திரமாக்கிவிடக்கூடாது. ஆஸ்திரேலியாவில் எல்லா மாணவர்களுக்கும் பள்ளிக்கூடத்திலேயே இதைச் சுருக்கிப் போதித்துப் பார்த்தார்கள். பலன் கிடைக்காததோடு, சில விஷயங்களில் நிலைமை சற்று மோசமானதாகவும் 2023-ல் எழுதினார்கள். தங்கள் சரக்கு பலிக்கவில்லை என்று அச்சில் போட்ட கோடாங்கி எவராவது உண்டா?

மேலும், பிள்ளையை மூச்சு விடச் சொல்லிவிட்டுப் பரீட்சையை அப்படியே வைத்திருப்பதும் யோக்கியமாகாது. இந்தியாவில் 2022-ல் மட்டும் 13,000-க்கு மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. நம் மாகாணத்தில் தோற்ற பிள்ளைக்கு அதே வருஷம் துணைத் தேர்வு வைத்தது, ஆயிரம் உபதேசத்துக்குச் சமமான காரியம்.

மனோவியாதியைச் சாமியிடம் விட்டதன் பலனை நாம் ஏர்வாடியில் பார்த்தோம். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி அங்கே சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள், தீப்பிடித்தபோது ஓட வழியின்றி மாண்டார்கள், 28 பேர். குணமாகுமென்று கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களுடைய சொந்த ஜனங்களே.

நிற்க, அந்தத் தாயாருக்கு நாம் சொன்னது இவ்வளவுதான்: "பேயில்லை அம்மா, பிள்ளைக்குத் துயரம். துயரத்துக்கு டாக்டர் உண்டு." தன்னைப் புண்படுத்திக்கொண்ட பிள்ளையை மேடைப் பேச்சாளரிடம் விடுவதும் கோடாங்கியிடம் விடுவதும் ஒன்றே. சர்க்கார் ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம் போகச் சொன்னோம். இரவில் பயம் வந்தால் கூப்பிடுவதற்கு, 2022 முதல் சர்க்கார் நடத்தும் டெலி மானஸ் எண்ணை, 14416, எழுதிக் கொடுத்தோம், அதற்குக் காசில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வழியில் பார்த்தோம். டாக்டரிடம் மூன்று தடவை போய் வந்தார்களாம். பிள்ளை இன்னும் சரியாகப் பேசவில்லையாம். "ஆனா அண்ணாச்சி, நேத்து ராத்திரி அவளா வந்து, அம்மா எனக்குக் கொதிக்குது, பக்கத்துல உக்காருன்னு சொன்னா. உக்காந்தேன்" என்றார்.