சீனித்துளசி கொடுப்போம், எச்சரிக்கையோடு!



சென்ற செயற்குழுக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். பொங்கல் விழாவுக்கு வரும் குடும்பங்களுக்கு வழக்கமான பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலாக ஆளுக்கொரு சீனித்துளசி விதைப் பொட்டலம் கொடுக்கலாம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஏன் தட்டமாட்டார்கள்? நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொல்லிவிட்டது. நம் சங்கத்திலும் காப்பி கொடுக்கும்போது "சர்க்கரை போட்டதா, போடாததா?" என்று கேட்காமல் டம்ளரை நீட்ட முடிவதில்லை.

நான் மட்டும் அன்று பேசாமல் இருந்துவிட்டேன். அப்போது சொல்லத் தயங்கியதை இங்கே எழுதுகிறேன். செடி கொடுப்போம், விதை வேண்டாம். செடியோடு ஓர் எச்சரிக்கைத் தாளும் கொடுப்போம்.

நான் தாவரவியல் படித்தவனல்ல. டிப்ளமோ முடித்து, ரயில் பாதை பராமரிப்பிலேயே தலை நரைத்தவன். ஓய்வு பெற்றபின் திருப்பதி வீட்டு மொட்டை மாடியில் இந்தச் செடியோடு நான்கு வருடம் மல்லுக்கட்டியதுதான் என் தகுதி.

பெயரில் துளசி இருந்தாலும் இது துளசி இனமல்ல. சூரியகாந்தி, சாமந்தி குடும்பத்தைச் சேர்ந்தது. தாயகம் தென் அமெரிக்காவின் பராகுவே. அங்குள்ள குவாரனி பழங்குடியினர் நெடுங்காலமாகப் பானங்களில் இனிப்புக்காக இந்த இலையைப் போட்டு வந்தார்கள். 1899-இல் பெர்த்தோனி என்ற தாவர அறிஞர் இதைப் பற்றி உலகுக்கு எழுதினார். 1931-இல் பிரெஞ்சு வேதியியலார் இருவர் இதன் இனிப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது சர்க்கரையைப்போல் 200 முதல் 300 மடங்கு இனிப்பு. 1970-களிலேயே ஜப்பான் இதை வணிக அளவில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது.

இனி விதைக்கு வருகிறேன். ரயில் பாதையோரம் வெட்டுக்காயப் பூண்டு பூத்துக் காய்ந்ததும் குடை விரித்துப் பறக்குமே, இதன் விதையும் அந்த மாதிரிதான். ஊதினால் காணாமல் போகும். பொட்டலத்தில் வெளுத்திருப்பவை பெரும்பாலும் உள்ளீடற்ற பதர், கறுத்தவையே முளைக்கும். ஒரு செடியின் பூ தன் மகரந்தத்தால் சரியாக விதை பிடிப்பதில்லை, வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். அதனால்தான் இத்தனை பதர். பழைய விதை என்றால் முளைப்பு இன்னும் குறையும்.

முதல் முறை வழக்கம்போல் விதைமேல் மண் தூவி மூடினேன். ஒன்றுகூட வரவில்லை. இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த தை மாதம், சலித்த மணலும் மட்கிய எருவும் கலந்த தட்டில் 100 விதைகளை எண்ணிப் போட்டு, மூடாமல், தெளிப்பானால் ஈரம் காத்தேன். பத்து நாளில் 14 முளைத்தன. நாற்றழுகலில் பாதி போக, தேறியவை ஏழு. இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தால் இரண்டுதான் நல்ல இனிப்பு, மூன்று சுமார், மிச்சம் இரண்டு கசப்பு! விதையில் வரும் செடி தாயைப்போலவே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஒட்டு மாமரம் வளர்க்கும் சித்தூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. பகல் பொழுது குறைந்தால் பூக்கும் செடி இது. நம் திருப்பதியில் ஆனி மாதத்திலும் பகல் 13 மணி நேரத்தைத் தாண்டாது. ஆகவே சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும். பூத்தால் இலையில் இனிப்பு குறையும். மொட்டைக் கிள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். சித்திரை வெயிலுக்கு நிழல்வலை வேண்டும். வேரில் தண்ணீர் நின்றால் இரண்டே நாளில் வாடிவிடும்.

இவ்வளவையும் பொட்டலத்தின்மேல் அச்சடிக்க முடியுமா? பத்துக் குடும்பம் விதைத்தால் எட்டுக் குடும்பம் ஏமாறும். அதனால்தான் விதை வேண்டாம் என்கிறேன். இனிப்பான செடியிலிருந்து பூக்காத கிளையை நான்கு கணு விட்டு வெட்டி, அடியிலைகளைக் கிள்ளி, நிழலில் ஈரமணலில் நட்டால் மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். இனிப்பும் மாறாது.

இனி, எச்சரிக்கைத் தாள் ஏன் என்று சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற கார்டு நண்பர் ஒருவருக்கு நானே ஆசையாக ஒரு தொட்டி கொடுத்தேன். சில மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி, "அண்ணா, இவர் மாத்திரையை நிறுத்தி ரெண்டு மாசமாச்சு, நீங்களாவது சொல்லுங்க" என்று கண் கலங்கினார். நண்பரோ, "அதான் இலை சாப்பிடறேனே சார்!" என்றார். அதற்குள் காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல், கடைசியில் ஒரு விரலை எடுக்கவேண்டியதாயிற்று.

பாதை பலவீனமான இடத்தில் ஓட்டுநருக்குக் காஷன் ஆர்டர் கொடுக்காமல் வண்டியை விடமாட்டோம். பணியில் ஒருநாளும் அதை மறக்காத நான், நண்பருக்கு இலையைக் கொடுத்து எச்சரிக்கையைக் கொடுக்காமல் விட்டேன்.

சீனித்துளசி சர்க்கரைக்கு மாற்று. சர்க்கரை நோய்க்கு மருந்தல்ல. காப்பியில் சேரும் சர்க்கரையை அது குறைக்கும். தட்டில் இருக்கும் சோற்றையும் இட்லியையும் ஒன்றும் செய்யாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-இல் ஆட்சேபணை இல்லை என்றது சுத்திகரித்த சாற்றுக்குத்தான், பச்சை இலைக்கு அல்ல. உடல் எடையைக் குறைக்க இத்தகைய மாற்று இனிப்புகளை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. அந்த அறிவுரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கானதல்ல. அவர்கள் தங்கள் மருத்துவரைத்தான் கேட்கவேண்டும்.

ஆகவே என் யோசனை இதுதான். என்னிடமுள்ள இரண்டு நல்ல செடிகளும், அவற்றின் கிளையில் வந்து சித்தூரில் மகள் வீட்டில் செழித்திருக்கும் நான்கும் தாய்ச்செடிகளாக இருக்கட்டும். ஐப்பசி மழை விட்டதும் நம் பிள்ளைகள் பத்துப் பேர் வரட்டும். வெட்டி நடக் கற்றுத் தருகிறேன். பொங்கலன்று கொடுக்கும் ஒவ்வொரு தொட்டியிலும் "மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டுவோம். அண்டை வீட்டாரும் கிளை கேட்பார்கள் அல்லவா?

சர்க்கரைப் பொங்கலுக்கு மட்டும் சித்தூர் வெல்லமே இருக்கட்டும். இந்த இலையில் பாகு வராது. நண்பருக்கும் எனக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி போதும்.