கூண்டுக்குக் கடனா?

பிள்ளைகளே, பத்து நாட்டுக்கோழிக்கு ரெடிமேடு கூண்டு வாங்க மகளிர் குழுவில் கடன் எடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். கோழி பகலெல்லாம் கொல்லையில்தான் மேயப்போகிறது. கூண்டு ராத்தங்கலுக்கு மட்டும். ஒரு கோழிக்கு 2 சதுர அடி போதும். பழைய கதவு, நிலைக்கட்டை வைத்துச் சட்டம் அடியுங்கள், மேலே தென்னங்கீற்று. தரையிலிருந்து 2 அடி உயரம் இருக்கட்டும்.

வலையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிய கோழிவலைக்குள் கோழி அடங்கும்; ஆனால் நாய் அதைக் கிழித்துவிடும். சுற்றிலும் அடியிலும் அரை அங்குல வெல்டு மெஷ், கதவுக்கு நல்ல தாழ்ப்பாள். இருக்கிற காசை அதில் போடுங்கள். கீரி ஒரு ராத்திரி உள்ளே புகுந்தால் தின்பது ஒன்றைத்தான், கடித்துப்போடுவது பலதை. அப்புறம் தவணை யார் கட்டுவது?

முட்டையிட, வைக்கோல் போட்ட பழைய கூடைகள் மூலையில் இருந்தால் போதும்.