டாக்மேன்: அவன் ஒன்றும் பாவம் இல்லை

நண்பர்களோடு 'டாக்மேன்' பார்த்தேன். மத்தேயோ கரோனே இயக்கிய இத்தாலியப் படம், 2018. முடிந்ததும் எல்லோரும் ஒரே குரலில், "பாவம்டா அந்த ஆளு!" எனக்கு எரிச்சல்தான் வந்தது. (படம் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளவும். முழுக்கதையும் வருகிறது.)

கடலோரத்தில் பாழடைந்த ஒரு ஊர். மார்செல்லோ அங்கே நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை வைத்திருக்கிறான். ஒல்லி உடம்பு, எல்லோரிடமும் சிரிப்பு, மகள் மேல் உயிர். சைடில் கொக்கெய்ன் விற்பனை. முன்னாள் குத்துச்சண்டைக்காரன் சிமோனே காசே கொடுக்காமல் சரக்கு வாங்குவான். கேட்டால் அடி.

"அந்த மாமிச மலையை இவன் என்ன பண்ண முடியும்?" என்கிறார்கள். அடிக்குப் பயப்படுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு திருட்டு முடிந்து வரும்போது, குரைத்த குட்டி நாயை ஃப்ரீசரில் போட்டுவிட்டு வந்ததாகக் கூட்டாளிகள் சிரிக்கிறார்களே, அப்புறம் என்ன நடக்கிறது? மார்செல்லோ தனியாகத் திரும்பிப் போய், சுவரேறி உள்ளே புகுந்து, விறைத்துக் கிடந்த நாயைப் பிழைக்க வைக்கிறான். மாட்டியிருந்தால் ஜெயில். ஆக, தைரியம் இல்லாதவன் இல்லை.

அதே ஆள், பக்கத்துக் கடை நண்பன் பிராங்கோவின் தங்கத்தைக் கொள்ளையடிக்க சிமோனேயிடம் தன் கடைச் சாவியைக் கொடுக்கிறான். சரி, மிரட்டலுக்குப் பயந்தான். அப்புறம் போலீஸ், "சிமோனேதான் செய்தான் என்று கையெழுத்துப் போடு" என்கிறது. மாட்டேன் என்கிறான். நாய்க்காகச் சுவரேறியவனுக்கு நண்பனுக்காக ஒரு கையெழுத்துப் போட முடியவில்லை!

ஒரு வருடம் ஜெயில். வெளியே வந்தவன் சிமோனேயிடம் கேட்பது என்ன தெரியுமா? தன் பங்கு, 10,000 யூரோ. நான் பி.காம். படிக்கிறவன். கிடைத்ததில் பங்கு கேட்கிறவனுக்கு எங்கள் பாடத்தில் பெயர் கூட்டாளி. அப்பாவி இல்லை.

"கடைசியில் சிமோனேயைக் கூண்டில் அடைத்துக் கொல்கிறானே, அது வீரம்தானே?" என்றான் ஒருவன். 1988இல் ரோமில் நடந்த நிஜக் கொலையிலிருந்து பிறந்த கதை இது. கரோனே பழிவாங்கலோடு படத்தை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. பிணத்தைச் சுமந்துகொண்டு மார்செல்லோ நண்பர்களைக் கூப்பிட்டபடி மைதானத்துக்குப் போகிறான். அங்கே யாருமே இல்லை. ஒரு கையெழுத்தில் காப்பாற்றியிருக்கக்கூடிய மரியாதையை ஒரு பிணத்தைக் கொடுத்து வாங்கப் பார்க்கிறான். அது கிடைக்காது.

மார்செல்லோவாக நடித்த மார்செல்லோ ஃபோன்தேவுக்கு 2018 கான் விழாவில் சிறந்த நடிகர் விருது. அந்தச் சிரிப்பு அவ்வளவு நிஜம். அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். பயந்தவன் எல்லாம் நல்லவன் என்று நினைப்பது நமக்கு வசதி. ஏனென்றால் நாமும் பயந்தவர்கள்தானே.